பதினான்காம் லூயியின் தம்பி: வெறும் அலங்காரப் பொம்மையா?

பழுப்பேடு:
பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியைப் பற்றி இங்கே நிறையப் பேசியாயிற்று. அவருடைய தம்பி பிலிப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் குதிகால் உயர்ந்த செருப்பு, ரிப்பன், விரல் நிறைய மோதிரம், வாசனைத் தைலம் என்று நாலு வார்த்தையில் சிரித்து முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு கரிசனம். அதனால் இந்த இழை.

பிறந்தது 1640 செப்டம்பர் 21, பாரிசுக்குப் பக்கத்தில் சான் ஜெர்மான் அரண்மனையில். அப்பா பதின்மூன்றாம் லூயி, அம்மா ஸ்பெயின் அரசகுமாரி ஆன். 1615இல் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் பிள்ளை தங்கவில்லை. 1638இல் மூத்தவர், இரண்டு வருடம் கழித்து இவர். 1643 மே மாதம் அப்பா போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை, இவருக்கு மூன்றுகூட ஆகவில்லை.

பிரெஞ்சு அரசவையில் ராஜாவின் தம்பிக்குப் பெயரே தேவையில்லை. 'மிஸ்யே' என்றால் அவர்தான். 'சின்னவர் வந்தாரா' என்று கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் யாரென்று தெரிகிற மாதிரி. அவர் மனைவி வெறும் 'மதாம்'.

இதற்கு முன்னால் 'மிஸ்யே' என்று இருந்தவர் சித்தப்பா காஸ்தோன், அதாவது பதின்மூன்றாம் லூயியின் தம்பி. அந்த ஆள் வாழ்நாள் முழுக்கச் சதி. அண்ணனின் மந்திரி ரிஷ்லியூவுக்கு எதிராகச் சதி, 1632இல் ஆயுதம் தூக்கினார், அப்புறம் லூயி சிறுவனாக இருந்தபோது அரசாங்கத்துக்கு எதிராக நடந்த ஃப்ரோந்த் கலகத்திலும் தலை நீட்டினார். ராணி ஆனுக்கும் மந்திரி மஸரனுக்கும் இதிலிருந்து ஒரே பாடம்: தம்பி என்றால் ஆபத்து. ஆகவே பிலிப்பை ஆபத்தில்லாதவராக வளர்த்தார்கள் என்பது என் கட்சி. பெண் உடை போட்டு அழகு பார்த்தார்கள், நகை கொடுத்தார்கள். அரசியலைத் தவிர எல்லாம் கொடுத்தார்கள்.

1658இல் லூயி போர்முனையில் கடும் காய்ச்சல் கண்டு பிழைப்பாரா என்றே சந்தேகமானது. உடனே அரசவையில் பாதிப் பேர் பிலிப்பின் வாசலில். லூயி பிழைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தை அவர் மறந்திருப்பாரா?

சும்மாஒருத்தன்:
இரும்பு முகமூடி போட்டு அடைத்து வைத்தார்களே, அது இவரைத்தானே? இரட்டைப் பிள்ளை என்று சினிமாவில் பார்த்தேன்.

பழுப்பேடு:
வரும் என்று எதிர்பார்த்தேன், இரண்டாவது பதிவிலேயே வந்துவிட்டது. :) இல்லை. அந்தக் கைதி பாஸ்தில் சிறையில் 1703இல் செத்தார். பிலிப் 1701இல் தன் சொந்த அரண்மனையில், குடும்பத்துக்கு நடுவே. இரண்டு வயது வித்தியாசம் இருக்கும் அண்ணன் தம்பி எப்படி இரட்டையர் ஆவார்கள்? தவிர, பிரெஞ்சு ராணியின் பிரசவம் சாட்சிகளை வைத்துக்கொண்டு நடப்பது. ஒன்றை ஒளித்து வைக்க வழியே கிடையாது.

கோதை:
பழுப்பேடு சார், கரிசனம் சரி. ஆனால் அந்த 'வளர்த்துக் கெடுத்தார்கள்' வாதத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஆண் பிள்ளைகள் எல்லோருமே ஆறேழு வயது வரை கவுன்தான் போட்டார்கள். லூயியும் போட்டார். சின்ன வயதுப் படங்களில் யார் அண்ணன், யார் தம்பி, யார் பக்கத்து வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க முடியாது. எனவே குழந்தை உடையை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. வளர்ந்த பிறகும் அவர் அதை விரும்பினார் என்பதுதான் செய்தி. ஆண்களிடம்தான் அவர் மனம் போனது. ஷெவாலியே த லொரேன் என்ற அழகன் முப்பது வருடத்துக்கு மேல் அவர் வாழ்க்கையில் இருந்தார். இதற்கு அம்மாவும் மந்திரியும் சேர்ந்து போட்ட திட்டம் காரணம் என்றால், அந்த மனிதருக்கு என்று சொந்தமாக ஒரு மனசே இல்லை என்றாகிறது. நோய்க்குக் காரணம் தேடுகிற மாதிரி தேடுகிறீர்கள்.

அதிகாரம் கொடுக்காமல் வைத்தார்கள் என்பது வேறு விஷயம், அதை ஒத்துக்கொள்கிறேன். லாங்டாக் மாகாண ஆளுநர் பதவியைக் கேட்டார், அண்ணன் மறுத்துவிட்டார். பணம் எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள், பதவி மட்டும் கேட்காதே என்பதுதான் ஒப்பந்தம்.

பழுப்பேடு:
உடை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். பதவி மறுத்த விஷயத்தை வாங்க மாட்டேன்.

கோட்டைமேடு:
யாரும் கசெல் பற்றிப் பேசவில்லையே! நான் சண்டைப் பைத்தியம், என்னை மன்னியுங்கள்.

1677 வசந்தம். ஹாலந்துப் போர் ஐந்தாவது வருடமாக நடக்கிறது. லூயி ஒரு பக்கம் காம்ப்ரே கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருக்கிறார், தம்பி இன்னொரு பக்கம் சான் ஓமெர் நகரை. அதைக் காப்பாற்ற ஹாலந்துத் தலைவர் ஆரஞ்சு வில்லியம் படையோடு வருகிறார். பிலிப் முற்றுகைக்குக் கொஞ்சம் ஆளை விட்டுவிட்டு மற்றவர்களோடு எதிர்கொண்டு போய், ஏப்ரல் 11 அன்று கசெல் பக்கத்தில் மோதினார். நேரே சண்டைக்குள் இறங்கி ஆட்களைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டு போனார், கவசத்தில் குண்டு பட்டது. வில்லியம் தோற்று ஓடினார். அதே மாதத்தில் சான் ஓமெர் விழுந்தது.

இவருக்குத் துப்பாக்கிக் குண்டைவிட வெயிலில் முகம் கறுத்துப்போவதும் வெடிமருந்துப் புகை படிவதும்தான் பயம் என்று படையில் கேலி உண்டு. காலையில் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நிற்பாராம், அதனால் களத்துக்குத் தாமதமாக வருவாராம். வந்த பிறகு திரும்பிப் பார்க்க மாட்டார்.

லூயி தன் வாழ்நாளில் ஒரு முழுக் களப்போரையும் இப்படி முன்நின்று ஜெயித்ததில்லை. அவருக்குப் பிடித்தது முற்றுகைதான். பாரிஸ் தம்பியைக் கொண்டாடியது. அதற்கப்புறம் பிலிப்பின் கையில் படை கொடுக்கப்படவே இல்லை. முடிந்தது கதை.

நெய்தல்:
சின்னத் திருத்தம். 1693இல் மேற்குக் கடற்கரைக் காவல் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் வந்து இறங்கினால் தடுக்க. அவர்கள் வரவில்லை. சண்டை நடக்காத இடத்தில் தளபதி ஆக்குவதும் ஒரு கலைதான். கசெல் வெற்றியில் பாதிப் பங்கு லுக்ஸம்பூர் மார்ஷலுக்கு உரியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் கோணத்தில் ஒரு வேடிக்கை: கசெலில் தோற்ற வில்லியம், பிலிப்பின் முதல் மனைவியின் அக்காள் மகன்.

சும்மாஒருத்தன்:
முதல் மனைவியா? மேலே கோதை அக்கா சொன்னதற்கப்புறம் மனைவி என்று ஒருத்தரே எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நெய்தல்:
இரண்டு பேர். ஆறு பிள்ளைகள். அரச குடும்பத்தில் கல்யாணம் என்பது வெளியுறவுத் துறை வேலை, தம்பி!

முதலாமவர் ஆன்ரியெத். இங்கிலாந்தில் 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸின் கடைசி மகள். தாய் பதின்மூன்றாம் லூயியின் தங்கை, ஆகவே பிலிப்புக்கு அத்தை மகள். நாடு போய், அம்மாவோடு பிரான்சில் அகதியாக வளர்ந்த பெண். ஒல்லி. 'கல்லறையில் இருக்கும் எலும்பையெல்லாம் கட்டிக்கொள்ளப் போகிறாயே' என்று லூயி தம்பியைக் கேலி செய்தார். 1660இல் அவள் அண்ணன் இரண்டாம் சார்லஸ் சிம்மாசனம் ஏறியதும் எலும்புக்கு மவுசு வந்துவிட்டது. 1661 மார்ச்சில் கல்யாணம். அந்தக் கோடையிலேயே கேலி செய்த லூயி அவள் பின்னாலேயே சுற்றினார். தம்பிக்கு எப்படி இருந்திருக்கும்?

அதிலிருந்து ஒன்பது வருடம் ஒரே இழுபறி. ஷெவாலியே வீட்டுக்குள் அதிகாரம் செய்கிறார், ஆன்ரியெத் ராஜாவிடம் புகார் சொல்கிறாள். 1670 ஜனவரியில் லூயி ஷெவாலியேயைக் கைது செய்து, பிறகு நாட்டை விட்டே அனுப்பினார். பிலிப் கோபத்தில் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வில்லே கோத்ரே மாளிகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ராஜாவுக்கோ அந்தப் பெண் அவசரமாகத் தேவை. இங்கிலாந்தோடு ஒரு ரகசிய உடன்படிக்கை பேச அவளை டோவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார், அவளும் முடித்துவிட்டு வந்தாள். உடன்படிக்கையின் ரகசியம் மனைவிக்குத் தெரியும், கணவனுக்குச் சொல்லப்படவில்லை. கோதை சொன்ன 'பதவி கேட்காதே' ஒப்பந்தத்தில் இதுதான் உச்சம் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்த சில நாளில், ஜூன் 29 மாலை சான் க்ளூ அரண்மனையில் ஒரு கோப்பை சிக்கரித் தண்ணீர் குடித்தாள். குடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள், விஷம் என்றாள். விடிவதற்குள் போய்விட்டாள். வயது இருபத்தாறு.

கோட்டைமேடு:
விஷம்தானா?

நெய்தல்:
ஊரே அப்படித்தான் பேசியது. நாடு கடத்தப்பட்ட ஷெவாலியேயின் ஆட்கள்மேல் சந்தேகம். ஆங்கிலேய வைத்தியர்களையும் வைத்துக்கொண்டு உடலைத் திறந்து பார்த்தார்கள், இயற்கை மரணம் என்றார்கள். குடல் புண் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருக்கும் என்பது இன்றைய மருத்துவர்களின் கணிப்பு. அதே தண்ணீரை வேறு சிலரும் குடித்து நன்றாகத்தான் இருந்தார்கள். பிலிப்புக்குச் சம்பந்தம் உண்டு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அவளுடைய மூத்த மகள் மரீ லூயீஸ். அரசியலுக்காக 1679இல் ஸ்பெயின் ராஜா இரண்டாம் கார்லோஸுக்குக் கட்டி வைத்தார்கள். நோயாளி, பிள்ளை பெறும் தகுதி இல்லாதவர். பதினேழு வயதுப் பெண் அழுது தீர்த்தாள். 1689இல் மாட்ரிடில் திடீர் வயிற்று வலி, சாவு, மறுபடி விஷம் என்ற வதந்தி. அவளுக்கும் வயது இருபத்தாறு. தாய்க்கும் மகளுக்கும் ஒரே வயதில் ஒரே முடிவு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகும்.

கோதை:
இரண்டாவது மதாமை நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஆள். எலிசபெத் ஷார்லோத், ஜெர்மனியின் பாலட்டினேட் நாட்டு இளவரசி. வீட்டில் லிசலோட்டே. பத்தொன்பது வயது, வேட்டை, குதிரை, நல்ல சாப்பாடு, வாய்த்துடுக்கு. கல்யாணத்துக்காக மதம் மாற்றி, 1671 நவம்பரில் பிரான்சுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் பார்வையிலேயே 'ஐயோ, இவளோடு எப்படிப் படுப்பேன்' என்று பிலிப் முனகியதாகச் சொல்வார்கள். அவளுக்கும் பெரிய மயக்கம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை மேலிருந்து கீழ்வரை வைரம், பெண்ணுக்கு அலங்காரமே பிடிக்காது!

ஒரு ராத்திரி படுக்கையில் கடமுட என்று சத்தம். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால், மனிதர் புனிதப் பதக்கங்களை உடம்பின் அந்தரங்க இடங்களில் தேய்த்துக்கொண்டிருக்கிறார், குழந்தை பிறக்க வேண்டும் என்று. லிசலோட்டே விழுந்து விழுந்து சிரித்தாள். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினாராம். அவள் சொல்லாமல் இருப்பாளா, கடிதத்தில் எழுதி வைத்துவிட்டாள்!

மாதாவின் அருளோ என்னவோ, மூன்று பிள்ளைகள். முதலாவது குழந்தையிலேயே போய்விட்டது. 1674இல் பிலிப், 1676இல் ஒரு பெண். அதோடு போதும், தனித்தனிப் படுக்கை என்று இரண்டு பேரும் சந்தோஷமாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மூத்தாள் பெற்ற இரண்டு பெண்களையும் தன் பிள்ளைகளாகத்தான் வளர்த்தாள். இளையவள் ஆன் மரீ தாய் செத்தபோது பத்து மாதக் குழந்தை, லிசலோட்டேதான் அவளுக்குத் தெரிந்த ஒரே அம்மா.

அவளுக்கு நேர்ந்த பெரிய கொடுமை கணவனால் வந்ததல்ல. 1685இல் அவள் அண்ணன் வாரிசில்லாமல் இறந்தார். தம்பி மனைவியின் பங்கு என்று சொல்லிக்கொண்டு லூயி 1688இல் பாலட்டினேட்டில் படையை இறக்கினார். 1689இல் ஹைடல்பெர்க், மன்ஹைம் எல்லாம் எரிந்தன. பிறந்த ஊர் அவள் பெயரைச் சொல்லியே கொளுத்தப்பட்டது. கண்ணை மூடினால் அந்த இடிபாடுதான் தெரிகிறது என்று எழுதினாள். மறுநாள் ராஜாவோடு உட்கார்ந்து நாடகம் பார்க்க வேண்டும்.

பழுப்பேடு:
அருமை. நான் சொத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் அவர் பொம்மை இல்லை. 1658இல் சான் க்ளூவை வாங்கினார்கள். இருபது முப்பது வருடத்தில் மிஞ்யாரின் ஓவியக்கூடம், செயற்கை அருவி, லெ நோத்ர் தோட்டம் என்று வளர்த்தார். மிஞ்யார் லூயியின் வெர்சாய் அரண்மனைக்குப் போவதற்கு முன்னால் இங்கே வரைந்தவர். (அரண்மனை 1870 யுத்தத்தில் எரிந்துபோனது, தோட்டமும் அருவியும் இன்றும் உண்டு.) ஓர்லியான் கால்வாய் 1692இல் திறந்தது. லுவார் ஆற்றுச் சரக்கு பாரிஸ் பக்கம் போக அதுதான் வழி, சுங்கம் இவர் குடும்பத்துக்கு. ஓர்லியான் வம்சத்தின் பெரும் சொத்துக்கு அடித்தளம் போட்டவர் இவர்.

அதே 1692இல் இன்னொரு வியாபாரம். லூயிக்கும் மொந்தெஸ்பான் சீமாட்டிக்கும் பிறந்த மகளைத் தம்பி மகனுக்குக் கட்டி வைக்க ராஜாவுக்கு ஆசை. முறை தவறிப் பிறந்த பெண்ணா என் மருமகள் என்று லிசலோட்டே கொதித்தாள். சம்மதித்துவிட்டு வந்த மகனை வெர்சாய் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் பளாரென்று ஓர் அறை விட்டாள். பிலிப் ஒத்துக்கொண்டார். பலே ரொயால் மாளிகை அந்தச் சமயத்தில்தான் அவர் வம்சத்துக்கே சொந்தமானது.

கோட்டைமேடு:
அந்த மகனும் நல்ல சண்டைக்காரன். அவனுக்கும் படை கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். அப்பாவுக்குச் செய்ததையே மகனுக்கும்.

பழுப்பேடு:
அங்கேதான் அறுபது வருட மௌனம் உடைந்தது. 1701 ஜூன் 8, மார்லி மாளிகை. உன் மகன் காதலியோடு சுற்றி என் மகளை அவமானப்படுத்துகிறான் என்று லூயி ஆரம்பித்தார். பிலிப் சும்மா இருக்கவில்லை. நீங்கள் உங்கள் காதலிகளை ராணியோடு ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவில்லையா என்று கேட்டார். கல்யாணத்தின்போது கொடுத்த வாக்கெல்லாம் எங்கே, என் மகனுக்கு என்ன செய்தீர்கள் என்று கத்தினார். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கிறது என்று வாயிற்காவலர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. முகம் சிவந்துபோய் சான் க்ளூ திரும்பினார். ராத்திரிச் சாப்பாட்டில் நாக்குக் குழறிச் சாய்ந்தார். பக்கவாதம். மறுநாள் மதியம் முடிந்தது.

லூயி அழுதார். தம்பி மகனுக்கு உடனே எல்லாச் சலுகைகளையும் எழுதிக் கொடுத்தார். ஷெவாலியே அடுத்த வருடக் கடைசியில் போனார்.

நெய்தல்:
வம்சத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? ஆன் மரீ சவோய்க்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் மகள் மரீ அடிலெயிதை லூயியின் பேரனுக்குக் கட்டினார்கள், அவர்களுக்குப் பிறந்தவன் பதினைந்தாம் லூயி. அதாவது அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கொள்ளுப்பேரன்! லிசலோட்டேயின் மகள் லொரேன் கோமகனை மணந்தாள். அவள் மகன் ஆஸ்திரியாவின் மரியா தெரசாவைக் கட்டினான், அவர்கள் மகள் மரீ அந்துவானெத். மகன் வழியில் வந்த எள்ளுப்பேரன்தான் புரட்சியில் பட்டத்தை உதறிவிட்டு 'எகாலித்தே' (சமத்துவம்) என்று பெயர் வைத்துக்கொண்டவன். பதினாறாம் லூயியைக் கொல்ல ஓட்டுப் போட்டு, அதே 1793இல் தானும் கில்லட்டினில் போனான். அவனுடைய மகன் 1830இல் பிரான்சுக்கு ராஜா. வெட்டப்பட்டவர்கள், வெட்டச் சொன்னவன், பிறகு நாட்டை ஆண்டவன் எல்லோரும் நம் ரிப்பன்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

சும்மாஒருத்தன்:
வாத்தியார் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வரலாற்றில் தேறியிருப்பேன். சரி, நம் பக்கம் ஏதாவது தொடர்பு உண்டா?

கோட்டைமேடு:
உண்டு! மகன் பிலிப் 1715 முதல் 1723 வரை, சிறுவன் பதினைந்தாம் லூயிக்காக நாட்டை ஆண்டவர், அதாவது 'ரீஜென்ட்'. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் அவர் பெயரில்தான். 1717இல் அவர் ஒரு வைரம் வாங்கினார். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் 410 காரட்டாகக் கிடைத்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கி லண்டனுக்கு அனுப்பி, பட்டை தீட்டி 140 காரட் சொச்சம் ஆக்கினார். இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் 'ரீஜென்ட்' என்ற பெயரில் இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் தொப்பியில் குத்திக்கொண்டு திரிந்திருப்பார்.

கோதை:
:) கட்டாயம்.

பழுப்பேடு சார், உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அவர் பொம்மையா இல்லையா என்பதை அவர் வாயால் கேட்க வழியில்லை. லிசலோட்டேயின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அரசவைக் குறிப்பு எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நாம் இங்கே சிரித்ததெல்லாம் அவர்கள் சொன்னது. அவர் செத்த அன்றைக்கு, பையன்கள் அவருக்கு எழுதிய காதல் கடிதங்களையெல்லாம் பெட்டியோடு எடுத்து, யார் கையிலும் சிக்கக்கூடாது என்று லிசலோட்டேயே நெருப்பில் போட்டாள். கணவன் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தாள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

பழுப்பேடு:
அவர் எழுதியது கிடைத்தாலும் பிரயோசனம் இருக்குமா தெரியவில்லை. கையெழுத்து அவ்வளவு மோசமாம். தான் எழுதிய கடிதத்தையே மனைவியிடம் கொண்டுவந்து நீட்டி, 'உனக்குத்தான் என் எழுத்து பழக்கம், என்ன எழுதியிருக்கிறேன் என்று கொஞ்சம் படித்துச் சொல்' என்பாராம். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்களாம். இதையும் அவள்தான் எழுதி வைத்திருக்கிறாள்.